டைகர் 131 பிடிபட்ட நாள்: போர்க்களக் கவச வாகனங்களின் பூர்விகம் தேடும் ஆய்வு

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர்களில் பலர் முதலில் தேடிப் போவது ஒரே வண்டியைத்தான். அதன் தலைக்கூண்டில் 131 என்ற எண் பெரிதாக, சிவப்பு நிறத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய 1,300க்கும் மேற்பட்ட டைகர்-1 டாங்கிகளில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் எஞ்சின் உறும ஓடிக்காட்டும் பெருமை இந்த 131க்கு உண்டு. 2014இல் வந்த 'ஃப்யூரி' திரைப்படத்தில் நடித்திருப்பதும் இதே வண்டிதான்.

இத்தனை புகழ் வாய்ந்த வாகனத்தின் வரலாற்றில் அடிப்படைச் செய்தி ஒன்று பல பத்தாண்டுகள் தவறாகவே இருந்தது. 1943 ஏப்ரல் 21 அன்று துனிசியாவின் ஜெபல் ஜாஃபா குன்றருகே, பிரிட்டனின் 48ஆம் ராயல் டாங்கி ரெஜிமென்ட்டிடம் அது சிக்கியது என்றே நூல்கள் எழுதின. பின்னாளில் அருங்காட்சியகமே ஒப்புக்கொண்ட முடிவு வேறு. அது பிடிபட்ட நாள் ஏப்ரல் 24. இடம் குரியாத் அல் அதாஷ் பகுதியில், ராணுவ வரைபடத்தில் 174 என்று எண்ணிடப்பட்ட மேடு. அந்த மேட்டுக்காகப் போராடியது ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் என்ற காலாட்படையின் 2ஆம் பட்டாலியன்.

மூன்று நாள் முன்பின்னானால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். தேதி மாறினால் இடம் மாறுகிறது. இடம் மாறினால் சண்டையிட்ட ஆட்கள் மாறுகிறார்கள். ஒரு மேட்டில் செத்தவர்களின் கணக்கு வேறொரு குன்றின் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது.

கல்வெட்டு ஆய்வோடு பழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. திருப்பணியின்போது கற்களைப் பிரித்து இடம் மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஒரு சாசனத்தின் முன்பாதி வடக்குச் சுவரிலும் பின்பாதி மடைப்பள்ளி வாசற்படியிலும் கிடக்கும். கல் பொய் சொல்வதில்லை, ஆனால் அது நிற்கும் இடம் பொய்யாக இருக்கலாம். டாங்கியும் அப்படித்தான். தொழிற்சாலையில் பிறந்து, களத்தில் அடிபட்டு, எதிரியின் பணிமனையில் பிரித்துப் பூட்டப்பட்டு, பலமுறை வர்ணம் பூசப்பட்டு, கடைசியில் காட்சிக்கூடத்துக்கு வருகிறது. இவற்றில் எந்த அடையாளம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று பிரித்தறிவதுதான் ஆய்வாளரின் வேலை.

131 விஷயத்தில் பிறப்பு விவரங்களில் குழப்பமில்லை. அதன் சேசிஸ் எண் 250112. காசல் நகரில் உள்ள ஹென்ஷல் ஆலையில் 1943 பிப்ரவரியில் கட்டி முடிக்கப்பட்டது. எடை சுமார் 57 டன். பீரங்கி 88 மில்லிமீட்டர். 504ஆம் கனரக டாங்கிப் பட்டாலியனோடு துனிசியாவுக்குக் கப்பலேறியது. தலைக்கூண்டு எண்ணும் தன் கதையைச் சொல்கிறது: முதல் கம்பெனி, மூன்றாம் பிளாட்டூன், முதல் வண்டி. ஆனால் இந்த எண் ஒரு பதவியைக் குறிப்பதே தவிர வண்டியைக் குறிப்பதல்ல. வண்டி அழிந்தால் அடுத்து வருவதன் மேல் அதே எண்ணை எழுதலாம். ஆகவே நம்ப வேண்டியது இரும்பில் பொறித்த சேசிஸ் எண்ணை.

சாட்சியத்தின் அடுத்த அடுக்கு காயங்கள். 131 மீது மூன்று குண்டுகள் பட்ட தடம் இன்றும் இருக்கிறது. பிரிட்டனின் சர்ச்சில் வகை டாங்கிகளில் இருந்த 6 பவுண்டர் பீரங்கி, அதாவது 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய பீரங்கி, எய்த குண்டுகள் அவை. ஒன்று பீரங்கிக் குழலின் அடிப்பக்கத்தில் உரசி, தெறித்துப்போய், தலைக்கூண்டு சுழலும் வளையத்தில் ஆப்பு அடித்தாற்போல் சிக்கியது. அதோடு கூண்டு திரும்பவில்லை. இன்னொன்று கூண்டைத் தூக்குவதற்கான கொக்கிப்பிடியில் பட்டு, பீரங்கியை ஏற்றி இறக்கும் பொறியைக் கெடுத்தது. மூன்றாவது, குண்டு நிரப்புபவருக்கான மூடியில் பட்டது. எந்தக் குண்டும் தடித்த முன்கவசத்தைத் துளைக்கவில்லை. குறிபார்க்க முடியாத வண்டியில் உட்கார்ந்து பயனில்லை என்று உள்ளிருந்தவர்கள் வெளியேறி ஓடினார்கள். ஓடும்போது அதை வெடிவைத்துத் தகர்க்கவில்லை. வண்டி பிழைத்தது அதனால்தான்.

அப்படியானால் தவறு எங்கே நுழைந்தது? ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபாவில் 48ஆம் ரெஜிமென்ட் டைகர்களோடு மோதியது கற்பனையல்ல. அந்த மோதல் மெய். அதோடு இந்த வண்டியை முடிச்சுப்போட்டதுதான் பிழை. பாவிங்டன் அருங்காட்சியகம் ராயல் டாங்கி ரெஜிமென்ட்டின் படைப்பிரிவு அருங்காட்சியகமும்கூட. டாங்கிப் படையின் வீட்டில் டாங்கிப் படையின் கதை கேள்வியின்றி நிலைத்தது இயல்பே என்பது என் கணிப்பு. காலாட்படைக்காரனின் குரல் அந்தக் கூடத்துக்குள் வந்து சேரத் தாமதமாயிற்று. கடைசியில் அதைக் கொண்டுவந்தவர் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் வீரர் ஒருவரின் மகன். தந்தை சொன்ன செய்தியை அவர் பின்தொடர்ந்தார். அருங்காட்சியகத்தின் ஆய்வும் அதோடு சேர, பழைய தேதி விழுந்தது. குரியாத் அல் அதாஷ் சிறு சண்டை நடந்த இடமல்ல. டைகர் பிடிபட்டதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 23 அன்று அங்கே லாயல் ரெஜிமென்ட்டின் லெப்டினன்ட் சாண்டிஸ்-கிளார்க் காட்டிய துணிவுக்கு, அவர் இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

இதற்கிடையே இன்னொரு கதையும் கிளம்பியது. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் ரகசிய உத்தரவின் பேரில் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டுப் போய் இந்த டைகரைச் சண்டைபோட்டுக் கைப்பற்றினார்கள் என்று 2012இல் வந்த நூலொன்று விறுவிறுப்பாகச் சொன்னது. வண்டியின் காயங்கள் இந்தக் கதைக்கு உடன்படவில்லை. சர்ச்சிலுக்கு இந்த வண்டியோடு உள்ள உறுதியான தொடர்பு வேறு: 1943 ஜூனில் துனிஸ் நகரில் அவரும் மன்னர் ஆறாம் ஜார்ஜும் அதைப் பார்வையிட்டார்கள். அக்டோபரில் அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது, நவம்பரில் லண்டன் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் மக்கள் பார்வைக்கு நின்றது, பிறகு பொறியாளர்களின் கைக்குப் போனது. 1951 செப்டம்பர் 25 அன்று பாவிங்டனுக்கு வந்தது.

'அசல்' என்ற சொல்லை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். பிடிபட்ட வண்டியை ஓடவைக்க, சிதைந்து கிடந்த மற்ற டைகர்களின் உதிரிபாகங்களைக் கழற்றிப் பூட்டினார்கள். அதன் மேபாக் எச்.எல். 210 எஞ்சின் பிற்பாடு வெட்டித் திறந்து காட்சிப்பொருளாக்கப்பட்டது. 1990இல் தொடங்கிய மறுசீரமைப்பில், அதே அருங்காட்சியகத்தின் டைகர்-2 வண்டியிலிருந்து எச்.எல். 230 எஞ்சினை எடுத்துப் பொருத்தினார்கள். 2003 டிசம்பரில் வண்டி உறுமியது. துனிசியக் கால வர்ணம் 2012இல் பூசப்பட்டது. ஓடும் டைகரைக் காணும் மகிழ்ச்சி பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சீரமைப்பும் ஏதோ ஒரு சான்றைத் துடைத்துவிட்டுத்தான் போகிறது.

உதிரிபாகக் கலப்பின் உச்சம் மாஸ்கோ அருகே குபிங்காவில் நிற்கும் 'மௌஸ்'. அந்த ராட்சத டாங்கியின் உடல் முதல் மாதிரி வண்டிக்கு உரியது, தலைக்கூண்டு இரண்டாம் மாதிரிக்கு உரியது. போருக்குப்பின் சோவியத்துகள் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள்.

வாய்மொழி நினைவு வழிகாட்டிய இன்னொரு ஆய்வு பிரான்சில் நடந்தது. 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே சண்டையில் ஃப்ளெஸ்கியேர் கிராமத்தில் அடிபட்டு நின்ற பிரிட்டிஷ் மார்க்-4 டாங்கி 'டெபோரா', எண் டி51. அதன் எட்டுப் பேரில் ஐவர் இறந்தனர். பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி ஃபிராங்க் ஹீப் உயிர்தப்பி மிலிட்டரி கிராஸ் பெற்றார். வண்டி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் ஒரு மூதாட்டி, தான் சிறுமியாக இருந்தபோது ரஷ்யக் கைதிகள் ஒரு டாங்கியைக் குழிக்குள் தள்ளியதைப் பார்த்ததாகச் சொன்னார். காம்ப்ரேவைச் சேர்ந்த பிலிப் கோர்ச்சின்ஸ்கி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் தேடினார். 1998 நவம்பரில் மண்ணுக்குள் டாங்கி கிடைத்தது. அப்போதும் அது எந்த டாங்கி என்பது தெரியாது. உடலில் இருந்த ஓட்டைகளைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் 'டெபோரா' என்று பெயர் உறுதியானது. இன்று அது நிற்கும் அருங்காட்சியகம், அதன் வீரர்கள் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 2017இல் திறக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள 'மெஃபிஸ்டோ'வின் பயணம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய 20 ஏ7வி டாங்கிகளில் மிஞ்சிய ஒரே வண்டி, சேசிஸ் எண் 506. 1918 ஏப்ரலில் வில்லர்ஸ்-பிரெட்டன்யூவில் குண்டுக்குழியில் சிக்கிக் கைவிடப்பட்டது. ஜூலையில் ஆஸ்திரேலியாவின் 26ஆம் பட்டாலியன் அதை மீட்டது. 1919இல் கப்பலில் பிரிஸ்பேன் வந்ததும், நகராட்சியின் இரண்டு நீராவி ரோடு ரோலர்கள் அதை அருங்காட்சியகத்துக்கு இழுத்துச் சென்றன.

நம் நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. அகமதுநகரில் 1994 முதல் குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இயங்குகிறது. 1965 போரில் பிடிபட்ட பாட்டன் டாங்கியை அங்கே காணலாம். நகரச் சந்திப்புகளிலும் ராணுவ முகாம் வாசல்களிலும் நிற்கும் விஜயந்தா டாங்கிகள் சென்னையை அடுத்த ஆவடியில், 1965 முதல் உற்பத்தியானவை. நான் பார்த்த பீடங்களில் பெரும்பாலும் வண்டியின் வகையும் எடையும் பீரங்கியின் அளவும் எழுதியிருந்தன. அந்தக் குறிப்பிட்ட வண்டி எந்த ரெஜிமென்ட்டில் இருந்தது, எங்கே போனது என்ற ஒரு வரிகூட இல்லை. அவற்றுக்கு ஆண்டுதோறும் பளபளவென்று பச்சை வர்ணம் மட்டும் தவறாமல் பூசுகிறார்கள். அந்த வண்டிகளை ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள், ஆவடியில் பூட்டியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த வர்ணப்பூச்சுக்கு முன்னால் சேசிஸ் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.