கயிறு காட்டிய வழி

மலர்க்குழுவினர் "உங்க பாடத்திலிருந்தே ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். என் பாடம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் சூத்திரம் கிடையாது, ஆணியும் கயிறும்தான்!

ஆண்டு 1954. அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரில் உள்ள ராண்ட் நிறுவனத்தில் ஜார்ஜ் டான்ட்சிக், ரே ஃபுல்கர்சன், செல்மர் ஜான்சன் என்ற மூவர் ஒரு பழைய புதிரைக் கையிலெடுத்தார்கள். அன்றைய 48 மாநிலங்களில் தலா ஓர் ஊர், கூடவே வாஷிங்டன். இந்த 49 ஊர்களுக்கும் ஒருமுறை போய், புறப்பட்ட இடத்துக்கே ஒரு விற்பனையாளர் திரும்ப வேண்டும். மிகக் குறுகிய வழி எது?

வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் போகும் வழியிலேயே வரும் 7 ஊர்களை ஒதுக்கி, 42 ஊர்களுக்குக் கணக்குப் போட்டார்கள். அப்போதும் சாத்தியமான சுற்றுகளின் எண்ணிக்கை 50 இலக்கம்! ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் போதுமா?

பலகையில் ஊருக்கு ஓர் ஆணி அடித்து, கயிற்றைச் சுற்றி இழுத்து, நல்ல சுற்று ஒன்றைக் கண்டார்கள். அதையே தொடக்க விடையாக வைத்து, டான்ட்சிக் 1947-ல் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையைக் கையாலேயே போட்டார்கள். கணக்கு இன்னும் குறைந்த தூரம் காட்டினால், அது முழுச் சுற்றுதானா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அதைத் தடுக்க ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். கடைசியில், கயிறு காட்டிய வழியே மிகக் குறுகியது என்று நிரூபணமாயிற்று. ஒதுக்கிய ஊர்களையும் சேர்த்து 12,345 மைல்.

இந்த இடத்தில் நான் வகுப்பில் சற்று நிறுத்துவேன். கயிறு விடையைத் தந்தது. இதைவிட நல்லது இல்லை என்ற உறுதியைக் கணக்குதான் தந்தது.

இன்றைய சிபிளெக்ஸ், குரோபி மென்பொருள்களிலும் கைவசமுள்ள விடையை முதலிலேயே கொடுக்கலாம். நிபந்தனைகளுக்கு உட்பட்டதா என்று சரிபார்த்துத்தான் ஏற்கும். ஏற்றுவிட்டால், அதைவிட மலிவான விடை தரவே முடியாத கிளைகளைத் தேடாமலே வெட்டிவிடும். ஆனால் "இதற்குக் கீழே போகவே முடியாது" என்று நிறுவும் வேலை பாக்கியிருக்கும். அதனால், நல்ல விடையைக் கொடுத்த பிறகும் மணிக்கணக்கில் ஓடலாம்.

தம்பி தங்கைகளே, நாளை வேலைக்குப் போகும் இடத்தில், வருஷக்கணக்காகக் கையால் அட்டவணை போட்டு வரும் பெரியவர் ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டர் வந்தாச்சு என்று அவருடைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் நல்ல தொடக்க விடை அதுதான். அதேசமயம், "இருபது வருஷமா இப்படித்தான்" என்பது நிரூபணமாகிவிடாது. இரண்டும் வேண்டும்.