ஆவணப்பட இசை

ஆவணப்படத்தில் காட்சிக்குத் துணையாகச் சேர்க்கப்படும் இசையும், படப்பிடிப்பின்போதே பதிவாகும் பாட்டும் ஆவணப்பட இசை எனப்படும். நடந்ததை நடந்தபடி காட்டுவதாகச் சொல்லும் படத்தில், பார்ப்பவர் எங்கே கலங்க வேண்டும் என்பதை இசை தீர்மானிக்கலாமா என்ற வழக்கு இத்துறையில் நெடுங்காலமாக உண்டு.

பிரிட்டிஷ் அஞ்சல்துறையின் படப்பிரிவு அஞ்சல் ரயிலைப் பற்றி எடுத்த ‘நைட் மெயில்’ (1936) படத்துக்கு 22 வயது பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். கவிஞர் ஆடன் எழுதிய கவிதை ரயில் சக்கரத்தின் தாளத்தில் ஓட, கடிதங்களை வகைபிரிக்கும் அன்றாட வேலைக்கே ஒரு மிடுக்கு வந்தது. அமெரிக்காவில் வர்ஜில் தாம்சன் ‘லூயிசியானா ஸ்டோரி’ (1948) இசைக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் எடுக்கப்பட்ட, பாதி கற்பனையான படம் அது.

நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலன் ரெனேயின் ‘நைட் அண்ட் ஃபாக்’ 1956இல் வெளியானது. 32 நிமிடமே ஓடும். இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர். 1948இல் அமெரிக்காவும் அவரை வெளியேற்றியது. பிணக்குவியல் திரையில் வரும்போது முழங்கும் இசையைத்தான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஐஸ்லரின் இசையோ அங்கே சன்னமாகிறது. காட்சி கொடுமையாக ஆக, இசை மென்மையாகிறது. அழச் சொல்லி எதுவும் தூண்டாததால், பார்ப்பவருக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. இத்துறையின் உச்சம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

1960களில், நடப்பதில் தலையிடாமல் படம்பிடிக்க முனைந்த ‘நேரடி சினிமா’ இயக்கத்தார் பின்னணி இசையையே விலக்கினர். யூத இனப்படுகொலையைப் பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஷோவா’வில் (1985) குளோட் லான்ஸ்மனும் இசை சேர்க்கவில்லை. ஆனால் படம் பாட்டோடுதான் தொடங்குகிறது: சிறுவயதில் ஆற்றுப் படகில் நாஜிக் காவலருக்காகப் பாடவைக்கப்பட்ட சைமன் ஸ்ரெப்னிக், நடுவயதில் அதே ஆற்றில் படகிலிருந்து பாடுகிறார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய கென் பர்ன்ஸின் ‘தி சிவில் வார்’ (1990) தொடர் வேறொரு சிக்கலைக் காட்டியது. அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ‘அஷோகன் ஃபேர்வெல்’ என்ற வயலின் மெட்டை, போர்க்காலத்துப் பழம்பாட்டு என்றே பலர் நம்பினர். ஜே உங்கர் அதை இயற்றியது 1982இல்தான். கடிதங்களும் புகைப்படங்களும் அக்காலத்தவை. அவற்றைக் கேட்டும் பார்த்தும் வந்த கண்ணீரில் பாதி நம் காலத்து மெட்டுக்கு உரியது.

இந்தியாவில் ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் படம்பிடித்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011), மும்பை ரமாபாய் நகரில் தலித் மக்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் 1997இல் தற்கொலை செய்துகொண்ட தலித் பாடகர் விலாஸ் கோக்ரேயிலிருந்து புறப்படுகிறது. தெருமுனைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் பாடப்படும் பாடல்களே இதில் கதையை நடத்திச் செல்கின்றன.