அடைக்கலமும் உடன்படிக்கையும்: ஹுதைபிய்யாவிலிருந்து மண்டபம் வரை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழில் செய்துவரும் அன்பர் ஒருவர், சென்ற ரமளானில் தராவீஹ் முடிந்தபின் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். வங்கதேசத்தவர் சிலர் உரிய ஆவணமின்றிப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துப் பிடிபட்டதாக அவ்வப்போது வரும் செய்திகளைப் பற்றிய பேச்சு அது. பேச்சு மியான்மரின் ரோஹிங்கியாக்களுக்கும், அவர்களிலிருந்து அகதிகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைகளுக்கும் நகர்ந்தது. "ஹஜ்ரத், இந்தியா அந்த அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே இடவில்லையே. கையெழுத்திட்ட நாடானாலும், தனக்கு நட்டம் வருமென்றால் எதற்காக அதற்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும்?" என்றார் அவர்.

வினா நியாயமானதே. அன்று இரண்டு வரியில் விடையளித்துவிட்டு வந்தோமாயினும், அது நம் உள்ளத்துக்கு நிறைவு தரவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நாம் வழங்கும் 'அகதி' என்னும் சொல் வடமொழி வழி வந்தது. கதியற்றவர் என்பது அதன் பொருள். ஒருவர் இழந்ததைக் கொண்டு அவருக்கு இடப்பட்ட பெயர் இது. அரபியில் அகதியைக் குறிக்கும் 'லாஜிஃ' என்பதோ ஒதுங்க இடம் நாடி வந்தவர் என்று பொருள்படும். அவர் நாடி வந்த இடத்தைக் கொண்டு, அதாவது நம்மைக் கொண்டு, அவருக்கு இடப்பட்ட பெயர். இதனினும் பழைய சொல் ஒன்றுண்டு. 'ஜார்' என்றால் அண்டை வீட்டார். அதே வேரிலிருந்து பிறந்த 'ஜிவார்' என்பது அடைக்கலம். பாலைநில அரபியர் அண்டை அயலையும் அடைக்கலத்தையும் ஒரே வேரில் வைத்தார்கள். புகலிடம் தேடி வரும் இணைவைப்பாளருக்கும் புகலிடம் தந்து, பின் அவரை அவருக்கு அச்சமற்ற இடத்திற்குக் கொண்டு சேர்க்குமாறு பணிக்கும் திருமறையின் 9:6 வசனத்தில் ஆளப்படுவதும் இவ்வேர்ச்சொல்லே.

இஸ்லாமிய வரலாறு அகதிகளின் வரலாறாகவே தொடங்குகிறது என்றால் மிகையன்று. கி.பி. 615இல் ஒரு குழுவினர் மக்காவின் கொடுமை தாளாது கடல் கடந்து அபிசீனியா சென்றனர். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி அம்ர் இப்னுல் ஆஸ், அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆ ஆகிய இருவரையும் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் அனுப்பி வைத்தனர். கிறிஸ்தவ மன்னரான நஜ்ஜாஷி என்ன செய்தார்? வந்தவர்களின் தரப்பைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் உரையைக் கேட்டார். பின்னர் பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார், மனிதர்களைக் கொடுக்கவில்லை. விசாரணையின்றி எவரையும் அவரைத் துன்புறுத்துவோரிடம் ஒப்படைக்கலாகாது என இன்றைய சட்டம் நீண்ட வாசகங்களில் சொல்வது இதைத்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அடைக்கலம் பெற்றவர்கள் என்பதை நம்மில் பலர் அழுத்திச் சொல்வதில்லை. தாயிஃபிலிருந்து கல்லடிபட்டுத் திரும்பிய அண்ணலார், தாம் பிறந்த மக்காவினுள் நுழைய முத்இம் இப்னு அதீயின் ஜிவார் தேவைப்பட்டது. முத்இம் இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர். தம் மக்களுடன் ஆயுதம் தாங்கி நின்று அண்ணலாருக்குப் பாதுகாப்பளித்தார். பின்னாளில் பத்ருக் கைதிகளைக் குறித்து, முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற பொருள்பட அண்ணலார் கூறியதை புகாரி பதிவு செய்துள்ளது.

பின்வந்த ஃபுகஹாக்கள் இதனைச் சட்டமாக வகுத்தனர். ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்களின் 'அஸ்ஸியருல் கபீர்' நாடுகளுக்கிடையிலான உறவுகளையே பொருளாகக் கொண்ட நூல். சிறையிலிருந்தபடியே தம் பெருநூலாகிய 'மப்ஸூத்'தை மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்த ஸரக்ஸீ (ரஹ்) அவர்களே அதற்கும் விரிவுரை கண்டார்கள். தனியொரு முஸ்லிம் அளித்த 'அமான்' முழுச் சமுதாயத்தையும் கட்டுப்படுத்தும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) என்னும் பெண்மணி அளித்த அடைக்கலத்தை அண்ணலார் ஏற்றதே இதற்குச் சான்று. போரிட அனுமதிக்கப்படாத அடிமை அளிக்கும் அமான் செல்லுமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒரு கருத்தும், அவர்களின் மாணவர் ஷைபானீ வேறொரு கருத்தும் கொண்டிருந்தனர். செல்லும் என்றார் மாணவர். பாரசீகப் பகுதிக் கோட்டையொன்றின் மக்களுக்கு அடிமை ஒருவர் எழுதிக் கொடுத்த அமானை உமர் (ரலி) அவர்கள் செல்லுபடியாக்கியது அவர் காட்டும் ஆதாரம்.

ஆயினும் நம் அன்பரின் வினா அடைக்கலத்தின் சிறப்பைப் பற்றியதன்று. நட்டம் வரும்போதும் ஒப்பந்தத்தைக் காப்பதைப் பற்றியது. அதற்கு ஹுதைபிய்யாவுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே செல்வது எளிதன்று.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கி.பி. 628. குறைஷியரின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ருடன் உடன்படிக்கை எழுதப்படுகிறது. மக்காவிலிருந்து முஸ்லிமாகி ஓடிவருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்கா செல்பவரை அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒருபக்கச் சாய்வான நிபந்தனை. எழுதிக் கொண்டிருக்கும்போதே கால் விலங்குகளை இழுத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்து விழுகிறார். அவர் அபூ ஜந்தல். ஸுஹைலின் சொந்த மகன். தந்தையின் சித்திரவதைக்குத் தப்பி வந்தவர். ஸுஹைல், இதுவே முதல் நிறைவேற்றம் என்று மகனைக் கேட்கிறார். தோழர்கள் கொதிக்கிறார்கள். அபூ ஜந்தல் கதறுகிறார். அண்ணலார் அவரைப் பொறுத்திருக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

மேடைகளில் இதனை ராஜதந்திரம் என்று கூறி விரைந்து கடந்துவிடுவதே நம் வழக்கம். அவ்வாறு கடந்துவிடல் தகாது. அடைக்கலமும் வாக்குறுதியும் ஒன்றோடொன்று மோதிய கணம் அது. உடன்படிக்கையைக் காப்பது எப்போதும் இனிமையானது என்று எவரேனும் சொன்னால், அவர் அபூ ஜந்தலின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. சில காலத்தில் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) என்னும் பெண்மணி மதீனாவுக்கு ஓடிவந்தார். சகோதரர்கள் இருவர் பின்தொடர்ந்து வந்து அவரைக் கேட்டனர். இப்போது மும்தஹினா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் இறங்கியது: நம்பிக்கை கொண்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள், அவர்களுக்காகக் கணவர்கள் செலவிட்ட மஹரை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. உடன்படிக்கையின் வாசகத்தில் ஆண் என்றே இருந்தது என்னும் அறிவிப்பை எடுத்துக்காட்டி, பெண்கள் அதற்குள் அடங்கார் என விளக்கிய விரிவுரையாளர் உளர். திருப்பி அனுப்பும் கடமையை அதன் சொல்லளவில் குறுக்கி, காக்கும் கடமையை விரித்துப் பொருள் கொண்டனர் என்று நாம் இதனைப் புரிந்துகொள்கிறோம். மஹரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நுட்பத்தையும் கவனிக்க வேண்டும்: எதிர்த்தரப்பின் பொருள் உரிமை மறுக்கப்படவில்லை, ஒரு பெண்ணின் உடலும் உயிரும் மட்டுமே ஒப்படைக்க மறுக்கப்பட்டன.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1939இல் ஜெர்மனியிலிருந்து 937 பயணிகளுடன், பெரும்பாலும் யூதர்களுடன், புறப்பட்ட செயின்ட் லூயிஸ் கப்பலை கியூபாவும் அமெரிக்காவும் ஏற்க மறுத்தன. ஐரோப்பா திரும்பியவர்களுள் 254 பேர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். அந்தக் குற்ற உணர்வு தோய்ந்த உலகம் 1951 ஜூலை 28இல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் 33ஆம் பிரிவே அதன் உயிர்நாடி. காலம், நிலப்பரப்பு பற்றிய வரம்புகளை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது.

இந்தியா இவ்விரண்டிலும் சேரவில்லை. எனினும் தமிழகம் செய்ததைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடாகும். 1983 ஜூலைக் கலவரத்திற்குப்பின் 1987 வரை ஏறத்தாழ 1,34,000 ஈழத்தமிழர் இக்கரை வந்தனர். மண்டபத்தில் இறங்கியவர்களை ஊர்கள் தோறும் முகாம்கள் ஏற்றன. நம் கொங்கு மண்டலத்திலும் பவானிசாகர், பூளுவப்பட்டி முகாம்கள் எழுந்தன. பள்ளிகள் திறந்தன, உணவும் உதவித்தொகையும் வந்தன. எந்த உடன்படிக்கையும் கேட்டுச் செய்ததன்று அது.

ஆனால் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்டார். காற்று திசை மாறியது. கொலைக்கும் முகாமில் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்த தாய்க்கும் என்ன தொடர்பு? 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் பணி தொடங்கி, 1995க்குள் 50,000க்கும் மேற்பட்டோர் இலங்கைக்குச் சென்றனர். அவர்கள் விரும்பித்தான் செல்கிறார்களா என்ற கேள்வியுடன் பழ. நெடுமாறன் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பத்தைக் கேட்டறிய வழி ஏற்பட்ட பின்னரே ஓரளவு தெளிவு பிறந்தது. கருணையாகத் தரப்பட்டது கருணை வற்றியபோது திரும்பப் பெறப்பட்டது. உரிமையாகத் தரப்பட்டிருந்தால் அவ்வாறு பெற முடியாது. அன்பரின் வினாவுக்கு நம் விடையின் முதற்பாதி இதுவே.

கையெழுத்திடாத நாடு என்பதால் எக்கடமையும் இல்லையென்றும் கொள்ள முடியாது. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது; குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992இல் இணைந்தது. பன்னாட்டு உடன்படிக்கைக் கடமைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 51ஆவது உறுப்பு. 1996இல் சக்மா மக்கள் வழக்கில், உயிர்வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021 ஏப்ரலில், அவ்வுரிமை எல்லோருக்கும் உண்டு என ஒப்புக்கொண்டே, ரோஹிங்கியாக்களை உரிய நடைமுறைப்படி நாடுகடத்துவதைத் தடுக்க மறுத்தது. 2025 மே மாதம் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், வருவோர்க்கெல்லாம் இடந்தர இந்நாடு சத்திரமன்று என்னும் கருத்து அமர்விலிருந்து வெளிப்பட்டது. முஸ்லிம் ரோஹிங்கியாவும் ஈழத்தமிழரும் ஒரே வாசலில் நின்று ஒரே விடையைப் பெற்றார்கள் என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவ்விரு சாராரையும் வெளியேதான் நிறுத்தியது.

விடையின் மறுபாதி அன்பரின் தொழிலிலேயே உள்ளது. இலங்கையின் ஆயத்த ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அளித்திருந்த சிறப்புத் தீர்வைச் சலுகை 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. காரணம் துணியின் தரமன்று. குடிமை உரிமை, சித்திரவதைத் தடுப்பு, குழந்தை உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளில் கையெழுத்திட்ட இலங்கை அவற்றைச் செயற்படுத்தவில்லை என்பதே. 2017 மே மாதத்தில்தான் சலுகை மீண்டது. கையெழுத்திட்டும் காக்காத நாடு ஒருபுறம். கையெழுத்திடாமலே பல்லாயிரவரைக் காத்துப் பின் கைதளர்ந்த நாடு மறுபுறம்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். சவூதி அரேபியா, ஜோர்டான், லெபனான், பாகிஸ்தான், வங்கதேசம், இந்தோனேசியா, மலேசியா ஆகியவையும் 1951 உடன்படிக்கையில் சேராதவையே. ஜோர்டானும் லெபனானும் சிரிய மக்களையும், வங்கதேசம் 2017க்குப்பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களையும் ஏற்றது உண்மை. பல ஆண்டுகள் ஆப்கானியருக்கு இடமளித்த பாகிஸ்தான் 2023 இறுதியில் அவர்களைப் பெருந்திரளாக வெளியேற்றத் தொடங்கியதும் உண்மை. அன்ஸாரிகளின் பெருமையைப் பேசும் நாம், அப்பெருமையைச் சட்டமாக எழுதிக் கையெழுத்திடத் தயங்குவது ஏன் என்று நம் உலமாக்கள் கேட்டதாக நாமறிந்தவரை இல்லை. 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டு, வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் புத்தளம் முதலிய இடங்களில் ஒதுங்கியபோது, எல்லை கடக்காத காரணத்தால் 1951 உடன்படிக்கை அவர்களைத் தொடவேயில்லை. எழுதப்படாத இடத்தில் விழுபவர் நம்மவராகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் பிறகொரு நாள் அன்பரிடம் எடுத்துரைத்தோம். 2021, 2022ஆம் ஆண்டுகளில் நூல் விலை ஏறிக்கொண்டே போனபோது, பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஆர்டரை நட்டத்தில் தைத்து அனுப்பியவர் அவர். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டோம். "வாக்குக் கொடுத்தாச்சே, ஹஜ்ரத்" என்றார். சற்று நேரம் கழித்து, "அபூ ஜந்தல் பிறகு என்ன ஆனார்?" என்று வினவினார்.

சொன்னோம். மக்காவிலிருந்து தப்பிய அபூ பஸீர் (ரலி) என்பாரும் மதீனாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். வழியில் தம்மைக் கொண்டு சென்ற காவலர் இருவரில் ஒருவரைக் கொன்று, கடலோரத்து ஈஸ் என்னுமிடத்தில் தங்கினார். அபூ ஜந்தலும் மக்காவிலிருந்து தப்பி அங்கு வந்து சேர்ந்தார். மேலும் பலர் சேர்ந்தனர். குறைஷியரின் வணிகக் கூட்டங்களுக்கு வழி அடைபட்டது. இறுதியில் குறைஷியரே அந்நிபந்தனையைக் கைவிட்டு, அவர்களை அழைத்துக்கொள்ளுமாறு அண்ணலாரிடம் வேண்டினர். அண்ணலாரின் மடல் ஈஸை அடைந்தபோது அபூ பஸீர் மரணத் தறுவாயில் இருந்தார். மடல் கையிலிருக்கவே உயிர் பிரிந்தது. அவரை அங்கேயே அடக்கிவிட்டு அபூ ஜந்தல் மதீனா வந்து சேர்ந்தார்.