வந்தேறிய பட்டினம் – 14: சைதாப்பேட்டைப் பாலத்துக்காரர்

இந்த வாரம் பிரெஞ்சுப் பீரங்கிகள் முழங்கும் என்று சொல்லியிருந்தேன். முழங்கட்டும். அதற்கு முன் கோஜா பெத்ரூஸ் உஸ்கானைப் பார்த்துவிடுவோம். அவரைத் தெரியாமல், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746-ஐப் படிப்பதில் பயனில்லை.

பாரசீகத்து ஜூல்ஃபாவில் பிறந்த அர்மீனியர். மணிலா வரை வணிகத் தொடர்பு. 1720-களில் சென்னைக்கு வந்தார். இந்த ஊரில் அர்மீனியர்கள் அவருக்கு முன்பே காலூன்றிவிட்டார்கள். 1712-லேயே அவர்களுக்கு இங்கே தேவாலயம் உண்டு. பணம் சேர்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை. உஸ்கான் அதைச் செலவழித்த விதம்தான் வேறு.

அடையாற்றில் வெள்ளம் புரண்டால் பரங்கிமலைக்குப் போகிறவர்கள் கரையில் நிற்க வேண்டியதுதான். பாலம் போடுவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் வேலை. செய்தவர் உஸ்கான். 1726-இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் எழுந்தது. கைக்காசு 30,000 வராகன் என்கிறார்கள். பராமரிப்புக்குத் தனியாக 1,500 வராகன் ஒதுக்கினார். பாலம் கட்டிக் கல்வெட்டு வைக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் கிடைப்பார்கள். பின்னால் விழப்போகும் விரிசலுக்கும் முன்பணம் வைத்தவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆற்றைக் கடந்தவர்கள் மலையேறித் திணறக் கூடாதென்று பரங்கிமலைக்குப் படிகளும் கட்டிக்கொடுத்தார். பக்திமான்களில் இப்படி முழங்கால் வலியை யோசித்தவர்கள் குறைவு.

சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் அவருடைய சொத்து பறிபோனது. புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தால் திருப்பித் தருவதாக வலை விரித்தார்கள். கணக்குத் தெரிந்த எந்த வியாபாரியும் மூட்டை கட்டியிருப்பான். உஸ்கான் மறுத்துவிட்டார். கோட்டையை ஒப்படைத்த ஆளுநர் மோர்ஸ் ஆங்கிலேயர். சொத்து போனாலும் பக்கம் மாறாதவர் அர்மீனியர். வீரர் பட்டத்தை யாருக்குக் கொடுப்பதென்று எனக்குச் சந்தேகமே இல்லை.

1749-இல் ஊர் திரும்பிய ஆங்கிலேயர்கள் என்ன கைம்மாறு செய்தார்கள்? கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்ற ஐயத்தில், உஸ்கான் எழுப்பிய வேப்பேரி தேவாலயம் கைமாறி, புராட்டஸ்டன்ட் மிஷனிடம் போய்ச் சேர்ந்தது. தமிழ் அகராதி தந்த ஃபப்ரீசியஸ் பணியாற்றிய இடம் அது; அதனால் நமக்கு லாபம்தான். ஆனால் விசுவாசத்துக்குக் கும்பினி கொடுத்த கூலி இது.

1751 ஜனவரியில் உஸ்கான் காலமானார். உடல் வேப்பேரியில் அடக்கமானது. இதயத்தை மட்டும் பேழையில் வைத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள்.

பழைய பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்து பல பத்தாண்டுகளாகிவிட்டன. சென்னையைப் பிடிக்க வந்த பிரெஞ்சுத் தளபதி லபோர்தொனேயின் கப்பல்கள் இன்னும் கடலில்தான் நிற்கின்றன. அடுத்த வாரம் கரையேற்றிவிடுகிறேன்.

(தொடரும்)