ரெசிடென்ட் ஈவில்: அச்சம் பழகிப்போன ஓர் ஆட்டத்தொடரின் வரலாறு

ரெசிடென்ட் ஈவில் என்பது ஜப்பானின் ஒசாக்கா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்காம் நிறுவனம் 1996 முதல் வெளியிட்டு வரும் திகில் நிகழ்பட ஆட்டத்தொடர் ஆகும். ஜப்பானில் இதன் பெயர் பயோஹசார்ட். அமெரிக்காவில் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு சிலரின் பயன்பாட்டில் இருந்ததால், அங்கு வெளியிடும்போது பெயர் மாற்றப்பட்டது. 'உயிர்பிழைப்புத் திகில்' என்ற ஆட்ட வகைக்குப் பெயர் நிலைத்ததும் இந்தத் தொடரால்தான். உலகெங்கும் 15 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்ற இத்தொடர், ஏறத்தாழ முப்பதாண்டு வாழ்வில் இருமுறை சலித்துப்போயிருக்கிறது. ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டியதால் வந்தது முதல் சலிப்பு. அதைப் போக்கக் கண்டுபிடித்த மருந்தே அளவு மீறிப்போனதால் வந்தது இரண்டாவது.

ஸ்பென்சர் மாளிகை

இத்தொடரின் வேர் 1989இல் காப்காம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்' என்ற ஆட்டத்தில் இருக்கிறது. கியோஷி குரோசாவா இயக்கிய அதே பெயருள்ள திரைப்படத்தைத் தழுவி டோக்குரோ புஜிவாரா உருவாக்கியது அது. பேய் மாளிகைக்குள் அகப்பட்டவர்கள், கைவசம் இருக்கும் சொற்பப் பொருள்களைக் கொண்டு வெளியேற வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. சில ஆண்டுகள் கழித்து, அந்த ஏற்பாட்டை வைத்துப் புதிய திகில் ஆட்டம் ஒன்றைச் செய்யும் பொறுப்பைப் புஜிவாரா தம்மிடம் பணியாற்றிய இளைஞர் ஷின்ஜி மிக்காமியிடம் ஒப்படைத்தார். மிக்காமி அதற்கு முன் செய்தவை டிஸ்னி கதைமாந்தர்களைக் கொண்ட சிறுவர் ஆட்டங்கள்.

ஆடுபவரின் கண்வழியாகவே எல்லாவற்றையும் காட்டலாமா என்று தொடக்கத்தில் யோசித்தார்கள். அன்றைய பிளேஸ்டேஷன் கருவியின் திறன் அதற்குப் போதவில்லை. எனவே 1992இல் பிரான்சில் வெளியான 'அலோன் இன் தி டார்க்' ஆட்டத்தின் வழியைப் பின்பற்றி, முன்பே வரைந்து வைத்த அறைப் படங்களும் அறையின் மூலைகளில் அசையாமல் நிற்கும் கேமராக்களும் பயன்படுத்தப்பட்டன. இந்தக் குறையே நிறையாயிற்று. திருப்பத்துக்கு அப்பால் காலடி ஓசை கேட்கும்; கேமரா அங்கே போகாது. நடக்கிற பாத்திரம் பார்ப்பதை ஆடுபவர் பார்க்க முடியாது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது கதவு மட்டும் இருட்டில் மெல்லத் திறக்கும். வட்டிலிருந்து அடுத்த அறையின் தரவைப் படிக்கத் தேவைப்பட்ட நேரம்தான் அது. அந்தச் சில நொடிகளில் நெஞ்சு படபடக்காதவர்கள் குறைவு.

மற்ற விதிகளும் பஞ்சத்தை ஒட்டியே அமைந்தன. கிறிஸ் ரெட்ஃபீல்டாக ஆடினால் ஆறு பொருள்களும், ஜில் வேலன்டைனாக ஆடினால் எட்டுப் பொருள்களும் மட்டுமே சுமக்கலாம். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டன. ஆடிய இடத்தைப் பதிந்து வைக்கத் தட்டச்சுப்பொறி வேண்டும். அதற்கு மை நாடா வேண்டும். நாடாவும் அளவாகவே கிடைக்கும். எதிரே வரும் நடைபிணத்தைச் சுடுவதா, சுற்றிக்கொண்டு ஓடுவதா என்பது ஒவ்வொரு முறையும் செலவுக் கணக்காக மாறியது. கதையில் பெரிய புதுமை இல்லை. அம்பிரெல்லா என்ற மருந்து நிறுவனம், அது உருவாக்கிய டி-வைரஸ், ராக்கூன் நகர்ப் புறத்தில் ஒரு மாளிகை, அவ்வளவுதான். பேச்சு வசனங்களோ நகைப்புக்கிடமானவை. ஆயினும் 1996 மார்ச் 22 அன்று ஜப்பானில் வெளியான ஆட்டம் எதிர்பாராத வெற்றி பெற்றது. எதைக் கொடுத்தார்கள் என்பதைவிட எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்பதே அதன் பலம்.

பழகிய கதவுகள்

இரண்டாம் ஆட்டத்தை ஹிடெக்கி காமியா இயக்கினார். பாதிக்கு மேல் முடிந்திருந்த ஒரு வடிவத்தைச் சுவையில்லை என்று தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். 1998இல் வெளியான அது சுமார் 50 லட்சம் படிகள் விற்றது. 1999இல் மூன்றாம் ஆட்டமும், 2000இல் 'கோட்: வெரோனிக்கா'வும் வந்தன. நகரம் மாறியது, தீவு வந்தது, பனிப்பிரதேசம் வந்தது. ஆனால் கதவு அதே கதவு, தட்டச்சுப்பொறி அதே தட்டச்சுப்பொறி. சின்னம் பொறித்த சாவியைத் தேடு, சிலையை நகர்த்து, நிலத்தடி ஆய்வுக்கூடத்துக்கு இறங்கு, கடைசியில் குண்டு வெடிக்கும் முன் தப்பியோடு. வினாத்தாளை முன்பே பார்த்துவிட்ட மாணவனுக்குத் தேர்வு அச்சம் எங்கிருந்து வரும்?

உருவாக்கியவர்கள் இதை அறியாமல் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் எதிரி பின்தொடராது என்பது முதலிரு ஆட்டங்களை ஆடியவர்களுக்கு மனப்பாடம். மூன்றாம் ஆட்டத்தின் நெமிசிஸ் என்ற உருவம் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தது. 1999இல் கொனாமி நிறுவனத்தின் 'சைலண்ட் ஹில்' மூடுபனியையும் மனக்கலக்கத்தையும் வைத்து வேறொரு வழியில் பயமுறுத்தத் தொடங்கியிருந்ததால் போட்டியும் சேர்ந்துகொண்டது.

2002இல் மிக்காமி முதல் ஆட்டத்தையே கேம்கியூப் கருவிக்காகப் புதிதாகச் செய்தார். பழகிப்போனதையே ஆயுதமாக்கிய அந்த மறுவாக்கம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 1996இல் ஒரு நடைக்கூடத்தின் சன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாய்ந்த காட்சி மிகப் புகழ்பெற்றது. மறுவாக்கத்தில் அதே கூடத்தில் நடந்தால் கண்ணாடி விரிசல் மட்டும் விடும், நாய் வராது. அப்பாடா என்று மூச்சு விட்டவர் பிறகு திரும்பி வரும்போதுதான் பாயும். சுட்டு வீழ்த்திய நடைபிணங்களை எரிக்காமல் விட்டால், சில நேரம் கழித்து முன்னிலும் வேகமாக எழுந்து வரும். செத்தது செத்ததே என்ற பழைய நம்பிக்கையையும் அது பறித்தது.

விமர்சகர்கள் மெச்சினார்கள். விற்பனை சுமார் 13 லட்சத்தோடு நின்றது. அதே ஆண்டு வந்த 'ரெசிடென்ட் ஈவில் ஜீரோ'வின் கதையும் அதுவே. கேம்கியூப் குறைவாக விற்ற கருவி என்பது ஒரு காரணம். ஆனால் ஆறாண்டாகக் கதவு திறந்து களைத்தவர்களுக்கு இன்னுமொரு மாளிகை, அது எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருந்தாலும், பழைய மாளிகையாகவே தெரிந்தது என்பதையும் மறுக்க இயலாது.

கேமரா தோளுக்கு வந்தது

நான்காம் ஆட்டம் பிறந்த வரலாறு நீண்டது. காமியா தொடங்கிய முதல் முயற்சி தொடரின் இயல்பிலிருந்து மிகவும் விலகிப்போனதால், 2001இல் 'டெவில் மே கிரை' என்ற தனி ஆட்டமாக வெளியிடப்பட்டது. அடுத்து மூடுபனி சூழ்ந்த கோட்டையை வைத்து ஒன்று. கொக்கி ஏந்திய உருவம் துரத்துவதாக இன்னொன்று. இவையும் கைவிடப்பட்ட பிறகு மிக்காமியே இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

2005 ஜனவரியில் வெளிவந்த ஆட்டத்தில் நடைபிணங்களும் இல்லை, அம்பிரெல்லாவும் ஏறத்தாழ இல்லை. ஸ்பெயின் நாட்டுக் கிராமமொன்றில், ஒட்டுண்ணி புகுந்த மனிதர்கள் கோடரியும் முட்கரண்டியும் ஏந்திக் கூட்டமாக வருகிறார்கள். மூலையில் நின்ற கேமரா லியான் கென்னடியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. காலைச் சுட்டால் எதிரி தடுக்கி விழுவான். கையைச் சுட்டால் ஆயுதம் நழுவும். குறிபார்க்கும்போது நகர முடியாது என்ற ஒரே தளையில்தான் பழைய அச்சம் மிச்சமிருந்தது. சூழ்ந்து வரும் கூட்டத்தின் நடுவே நின்றபடியே சுட வேண்டும் என்பது மெய்யாகவே நடுங்க வைத்தது.

அந்த ஆட்டம் தொடரைக் காப்பாற்றியது. அதோடு அந்தக் காலத்து ஆட்டங்களின் போக்கையே மாற்றியது. 2006இன் 'கியர்ஸ் ஆஃப் வார்', 2008இன் 'டெட் ஸ்பேஸ்' போன்றவை இந்தத் தோள்வழிப் பார்வையைச் சுவீகரித்துக்கொண்டன. அடுத்த சிக்கலும் அங்கேதான் முளைத்தது. ஒரு புதுமையை எல்லோரும் கையாளத் தொடங்கிவிட்டால் அதைக் கண்டுபிடித்தவருக்குத் தனியிடம் ஏது? மிக்காமியோ சில ஆண்டுகளில் காப்காமைவிட்டே விலகிவிட்டார்.

2009இன் ஐந்தாம் ஆட்டம் நான்காவதின் எலும்புக்கூட்டை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் வைத்தது. வெள்ளை அமெரிக்கர் ஒருவர் கறுப்பினக் கிராமத்தவரைச் சுட்டுத்தள்ளுவதாக 2007இல் வந்த முன்னோட்டம் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அது நியாயமான கண்டனமே. ஷெவா அலோமர் என்ற துணைப்பாத்திரம் ஆட்டம் முழுவதும் உடன் வந்தார். இருவர் சேர்ந்து ஆடலாம் என்பது வணிகத்துக்கு நல்லது. ஆனால் பக்கத்தில் ஒரு நண்பர் உட்கார்ந்திருக்கும்போது இருட்டறைக்குப் பயப்படுகிறவர் யார்? எரிமலைக் குழம்பின் நடுவே கிறிஸ் ஒரு பெரும்பாறையை முஷ்டியால் குத்தி நகர்த்தும் இறுதிக்காட்சி இன்றும் கேலிக்கு உள்ளாகிறது. மை நாடாவை எண்ணிக்கொண்டிருந்த அதே கிறிஸ்தான் அவர். ஆயினும் அந்த ஆண்டுக்குள் 50 லட்சம் படிகள் விற்றன. போகிற பாதை சரியென்று நிறுவனம் எண்ணியதில் வியப்பில்லை.

ஆறாவது ஆட்டம்

தொடரின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான மசாச்சிக்கா கவாட்டா, சண்டை ஆட்டங்களோடு ஒப்பிட்டால் உயிர்பிழைப்புத் திகிலுக்கான சந்தை சிறியது என்று 2012இல் வெளிப்படையாகவே கூறினார். அந்தக் கணக்கின் முழு வடிவம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஆறாவது ஆட்டம். வெளியிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 600 பேர் அதில் உழைத்தனர். நான்கு கதைகள்: பழைய திகிலை விரும்புவோருக்கு லியான், போர்க்களம் விரும்புவோருக்குக் கிறிஸ், கைச்சண்டைக்கு ஜேக், புதிருக்கு ஏடா வாங். எல்லா விருந்தினருக்கும் ஒரே இலையில் பரிமாற முயன்ற பந்தி அது. கார்த் துரத்தல், விமான விபத்து, வெடிப்பு, மீண்டும் வெடிப்பு எனத் திரை ஓய்வதேயில்லை. அமைதி இல்லாத இடத்தில் ஓசைக்கு அஞ்ச வழியில்லை என்பதை அத்தனை பேரில் எவரும் சொல்லாமலா இருந்திருப்பார்கள்!

70 லட்சம் படிகள் விற்கும் என்று காப்காம் எதிர்பார்த்தது. பிறகு அந்த இலக்கை 60 லட்சமாகவும் 50 லட்சமாகவும் குறைத்தது. 2013 மார்ச்சில் நிதியாண்டு முடிந்தபோது கணக்கு 49 லட்சத்தில் நின்றது. வேறெந்த ஆட்டத்துக்கும் இது பெருவெற்றி. இவ்வளவு செலவில் செய்த ஆட்டத்துக்கு அதுவே தோல்வியாகப் பேசப்பட்டது. விமர்சனங்களும் இரண்டாகப் பிரிந்தன. 2016இல் வந்த 'அம்பிரெல்லா கோர்ப்ஸ்' என்ற அணிச்சண்டை ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் அச்சம் வேறு வீடுகளில் குடியேறியிருந்தது. 2010இல் சுவீடனின் சிறிய நிறுவனமான பிரிக்ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீசியா' ஆட்டத்தில் ஆயுதமே கிடையாது. 2014இல் ஹிடியோ கொஜிமா இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்ற சிறு ஆட்டம் ஒரேயொரு நடைக்கூடத்தை மட்டும் வைத்து உலகத்தை மிரட்டியது. பெருஞ்செலவு இல்லாமலே பயமுறுத்த முடியும் என்பதற்கு இவை கண்முன் நின்ற சான்றுகள்.

பேக்கர் வீடு

2017 ஜனவரி 24 அன்று வெளியான ஏழாவது ஆட்டத்தைக் கோஷி நக்கானிஷி இயக்கினார். இருபது ஆண்டுகளுக்கு முன் கருவியின் குறையால் கைவிடப்பட்ட கண்வழிப் பார்வை, முதன்மை வரிசை ஆட்டமொன்றில் முதன்முறையாக இங்கே கையாளப்பட்டது. நாயகன் ஈதன் விண்டர்ஸ் வீரன் அல்லன். காணாமற்போன மனைவியைத் தேடி லூசியானா மாநிலத்தின் சதுப்புநிலத்தில் உள்ள ஒரு பாழ்வீட்டுக்கு வரும் சாதாரண மனிதன். உலகைக் காக்கும் வேலை அவனுக்கு இல்லை. அந்த வீட்டின் குடும்பத் தலைவர் ஜாக் பேக்கர் சுவரை உடைத்துக்கொண்டு துரத்துகிறார். சுட்டாலும் மீண்டும் எழுகிறார். சாவி, சேமிப்புப் பெட்டி, பச்சை மூலிகை, அளவான தோட்டாக்கள் எல்லாம் திரும்ப வந்தன. தட்டச்சுப்பொறியின் இடத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. ஜப்பானில் பெயருக்குப் பின்னால் 'ரெசிடென்ட் ஈவில்' என்றும், மற்ற நாடுகளில் 'பயோஹசார்ட்' என்றும் சேர்த்து, இரு பெயர்களையும் ஒன்றாக்கினார்கள்.

முதல் சில மாதங்களில் இது ஆறாவதைவிடக் குறைவாகவே விற்றது. 40 லட்சம் என்று போட்ட கணக்கு 35 லட்சத்தில் நின்றது. ஆனால் விற்பனை ஓயவில்லை. 2021இல் ஒரு கோடியைத் தாண்டியது. கவாட்டா சொன்ன சிறிய சந்தை அவ்வளவு சிறியதன்று என்பது தெரிய நாலைந்து ஆண்டுகள் ஆயிற்று.

மறுவாக்கங்களும் பின்னும்

இரண்டாம் ஆட்டத்தின் மறுவாக்கம் 2019இல் வந்தது. காவல் நிலையத்தின் மேல்தளத்தில் மிஸ்டர் எக்ஸ் நடக்கும் பூட்ஸ் ஒலி கீழே கேட்கும்; அவர் எந்தக் கதவுவழி வருவார் என்று தெரியாது. தோள்வழிப் பார்வையாலும் பயமுறுத்த முடியும் என்பதை அது காட்டியது. 2020இன் மூன்றாம் ஆட்ட மறுவாக்கம் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. மணிக்கூண்டுப் பகுதியை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள் என்ற குறை பரவலாக எழுந்தது. 2023இல் நான்காவதும் புதுப்பிக்கப்பட்டது. சலிப்பைப் போக்க வந்த ஆட்டமே மறுவாக்கம் பெறும் அளவுக்கு முதுமை அடைந்துவிட்டது.

இடையில் 2021இல் வந்த 'வில்லேஜ்' ஆட்டம் ஈதனின் கதையைத் தொடர்ந்தது. பெனவியென்டோ வீட்டில் ஆயுதங்கள் பறிபோய் இருட்டில் ஒளியும் பகுதி தொடரின் மிகக் கொடிய அரைமணி நேரங்களுள் ஒன்று. அதே ஆட்டம் பிற்பகுதியில் தொழிற்சாலைக்குள் போய், துப்பாக்கிச் சத்தத்தில் முடிகிறது. ஐந்தாவதையும் ஆறாவதையும் ஆடியவர்களுக்கு அந்தச் சத்தம் புதியதல்ல.

ஒன்பதாம் ஆட்டமான 'ரெக்வியம்' 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2026 பிப்ரவரி 27 வெளியீட்டு நாளாகக் குறிக்கப்பட்டது. இயக்குநர் மறுபடியும் நக்கானிஷி. கதை ராக்கூன் நகருக்குத் திரும்புகிறது. கண்வழியாகப் பார்ப்பதா, தோள்வழியாகப் பார்ப்பதா என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது.