சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: பூங்கா வளாகத்திலேயே தங்குவதா, ஊருக்குள் தங்குவதா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். விமான டிக்கெட்டும் விசாவும் முடிந்த பிறகு பெற்றோருக்கு வரும் முதல் குழப்பம் தங்குமிடம்தான். பூங்கா இருக்கும் செந்தோசா தீவிலேயே அறை எடுப்பதா, லிட்டில் இந்தியா பக்கம் எடுத்துக்கொண்டு போய் வருவதா?

பெரும்பாலும் நாம் வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறோம். அது பாதிக் கணக்குதான். தொழுகை, சாப்பாடு, வயதானவர்களின் உடல்நிலை, சிறு பிள்ளைகளின் தூக்கம் ஆகியவையும் சேர்ந்ததுதான் முழுக் கணக்கு. அதைச் சுருக்கினால் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: நடுப்பகலில் அறைக்குத் திரும்ப வேண்டிய தேவை நம் குடும்பத்துக்கு இருக்கிறதா? இருந்தால் வளாகத்தில் ஓர் இரவு தங்குவது பொருத்தம். இல்லையென்றால் ஊருக்குள் தங்குவதே நல்லது.

இடமும் தூரமும்

செந்தோசா, சிங்கப்பூரின் தெற்கே உள்ள சிறிய தீவு. அங்குள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா வளாகத்தில் 2010-ல் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் திறக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 20 ஹெக்டேர். பெரிய பூங்காதான் என்றாலும், ஒரு நாள் முழுவதும் செலவிட்டால் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். சில சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ., மம்மி சவாரிக்கு 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும். சின்னப் பிள்ளைகளாக இருந்தால் பார்க்க வேண்டிய சவாரிகள் இன்னும் குறையும்.

வளாகத்தில் ஹோட்டல் மைக்கேல், ஹோட்டல் ஓரா, எக்வேரியஸ் போன்ற விடுதிகள் உள்ளன. வளாகத்து விடுதிகள் எல்லாமே பூங்கா வாசலில் இல்லை. எக்வேரியஸ் வளாகத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. "வளாகத்துக்குள்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பதிவு செய்யாமல், வரைபடத்தில் பூங்கா வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஊருக்குள்ளிருந்து வருபவர்கள் எம்.ஆர்.டி. ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம் வந்து, அதையொட்டியுள்ள விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில் ஏற வேண்டும். முதல் நிறுத்தமே பூங்கா. லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் ஐந்தாவது நிறுத்தம், மாறாமல் ஒரே ரயில். ரயில் பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நடை, காத்திருப்பு, மோனோரயில் எல்லாம் சேர்த்தால் வாசலுக்கு வாசல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஒரு முறை போய் இரவில் ஒரு முறை திரும்பினால் இது பொருட்டல்ல. நடுவில் ஒருமுறை அறைக்குப் போய் வருவதென்றால் கூடுதலாக இரண்டு மணி நேரம் போய்விடும்.

தொழுகை நேரம்தான் முதல் கணக்கு

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அங்கே தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. லுஹர் பகல் ஒரு மணியை ஒட்டியும், மஃரிப் மாலை ஏழு மணியை ஒட்டியும் வரும். பூங்கா பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறந்து மாலை வரை இயங்குகிறது. ஆக, லுஹரும் அஸரும் நாம் பூங்காவுக்குள் இருக்கும்போதே வரும்.

இங்கே நம் மத்ஹபைப் பொறுத்து நிலை மாறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிர் லுஹரையும் அஸரையும் சேர்த்து ஜம்உ செய்யலாம். போகும் நாளும் திரும்பும் நாளும் சேராமல் முழுதாக 4 நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் அந்தச் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் கஸ்ர் தொழுவார். ஆனால் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் ஜம்உ இல்லை. லுஹரை அதன் நேரத்திலும் அஸரை அதன் நேரத்திலும் தொழ வேண்டும். சிங்கப்பூரிலேயே வசித்துக்கொண்டு விடுமுறைக்கு செந்தோசாவில் தங்கும் குடும்பங்கள் முஸாஃபிர் ஆவதில்லை என்பதால் எந்த மத்ஹபாக இருந்தாலும் பயணச் சலுகை கிடையாது. சந்தேகம் இருந்தால் புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் பயண நாட்களைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளாகத்தில் அறை இருந்தால் லுஹருக்கு வெளியே வந்து, நிதானமாக ஒளூ செய்து, பெண்கள் சங்கடமின்றித் தொழுது, பிள்ளைகளை ஒரு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு மீண்டும் உள்ளே போகலாம். வெளியேறும்போது மறு நுழைவுக்கான முத்திரையை வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் அறை எடுத்தவர்கள் நுழைந்ததுமே விருந்தினர் சேவைக் கவுண்டரில் தொழுவதற்கான இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மடித்து வைக்கும் முஸல்லாவும், பெண்களுக்கான தொழுகை உடையும், ஒரு தண்ணீர் பாட்டிலும் பையில் இருக்கட்டும். கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

பூங்காவுக்கு அருகிலுள்ள பள்ளிவாசல், விவோசிட்டிக்குப் பக்கத்தில் தெலோக் பிளாங்கா சாலையில் உள்ள மஸ்ஜித் தெமெங்கோங் டாயெங் இப்ராஹீம். மாலையில் பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் மஃரிபை அங்கே ஜமாஅத்தோடு தொழ வாய்ப்புண்டு.

வாடகைக்கு மேல் வரும் செலவுகள்

ஹோட்டல் விலைப் பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் கவனியுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத் தொகையின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் தனி என்பது அதன் பொருள். 300 வெள்ளி என்று போட்ட அறைக்கு 359 வெள்ளி 70 காசு கட்ட வேண்டும். இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் வரி சேர்ந்த தொகையையே எடுங்கள்.

அடுத்தது ஆட்கணக்கு. பல அறைகளில் பெரியவர்கள் இருவர், சிறுவர் ஒருவர் அல்லது இருவர் என்பதே வரம்பு. வாப்பா, உம்மாவையும் அழைத்துச் செல்லும் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு அறை வேண்டும். அப்போது வளாகத்துக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசமும் இரட்டிப்பாகிவிடும்.

வளாகத்தில் அறை எடுத்தாலே பூங்கா டிக்கெட்டும் சேர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில், வளாக விடுதியில் தங்குபவர்கள் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே பூங்காவுக்குள் போகலாம். அங்கே தங்கியவர் சொன்னதை வைத்து எல்லாப் பூங்காவிலும் அப்படித்தான் என்று எண்ணுவது தவறு. அறையோடு என்னென்ன சேர்கிறது, டிக்கெட்டா, காலை உணவா, வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸா என்பதைப் பதிவுப் பக்கத்தில் வரிக்கு வரி படித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் தங்குபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு உண்டு. மோனோரயிலில் தீவுக்குள் நுழைய ஒருவருக்கு 4 வெள்ளி. திரும்பி வருவது இலவசம். ஐந்து பேருக்கு ஒரு முறைக்கு 20 வெள்ளி. விவோசிட்டியிலிருந்து கடல்மேல் போடப்பட்ட நடைபாலத்தில் நடந்தே போனால் செலவில்லை. டாக்சியில் நான்கு பேர் மட்டுமே ஏறலாம். செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார் என்றால் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதி பொருந்தாது.

இன்னொரு எச்சரிக்கை. சமைத்துச் சாப்பிட வசதியாக இணையத்தில் தனியார் வீடு ஒன்றைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. சிங்கப்பூரில் தனியார் வீடுகளை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீடுகளை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். உரிமம் பெற்ற விடுதிகளையே தேடுங்கள்.

சாப்பாடு

சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் வழங்குவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ். கடையில் அதன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்ற பலகை ஹலால் என்பதற்கு ஆதாரமல்ல. கோழியும் ஆடும் எப்படி அறுக்கப்பட்டன என்பதை அது சொல்லாது. ஒரே விடுதியில் ஓர் உணவகத்துக்குச் சான்றிதழ் இருந்து மற்றொன்றுக்கு இல்லாமலும் போகலாம். ஆகவே வளாக விடுதியில் காலை உணவோடு சேர்த்துப் பதிவு செய்யும் முன், அந்தக் காலை உணவுக்கூடத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் காலை உணவு சேராத அறையே லாபம்.

இந்த விஷயத்தில் ஊருக்குள் தங்குவது எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டிய தேக்கா சென்டரில் பிரியாணி கிடைக்கும். கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் முர்தபா கடைகள் உள்ளன. இரவு எட்டு மணிக்கு மேல் பசியோடு திரும்பும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

சூதாட்டக் கூடம் பற்றி

சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட இரண்டு சூதாட்டக் கூடங்களில் ஒன்று ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தில் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாளொன்றுக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். அதற்குத் தனி வாசல், காவல் எல்லாம் உண்டு. பூங்காவுக்குப் போக அதன் வழியாகச் செல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் பூங்கா, விடுதிகள், சூதாட்டக் கூடம் மூன்றையும் நடத்துவது ஒரே நிறுவனம். இந்த வளாகத்தில் இரவு தங்க மனம் ஒப்பாத குடும்பங்கள் உண்டு. பூங்கா டிக்கெட்டே அந்த நிறுவனத்திடம்தான் வாங்குகிறோம், அறையில் மட்டும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களும் உண்டு. அவரவர் மனசாட்சிக்கும் பேணுதலுக்கும் உரிய விஷயம் இது. அங்கே போய் நின்ற பிறகு தெரிந்து வருந்துவதைவிட, முன்பே அறிந்து, கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

ஊருக்குள் என்றால் எந்தப் பகுதி?

லிட்டில் இந்தியா: நேரடி ரயில், தமிழ் பேசும் கடைகள், டன்லப் தெருவில் மஸ்ஜித் அப்துல் கஃபூர், சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசல். நம் குடும்பங்களுக்கு முதல் தேர்வு இதுவே.

சைனாடவுன்: ஹார்பர்ஃபிரண்டுக்கு இரண்டே நிறுத்தம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் நிறுவிய மஸ்ஜித் ஜாமிஆ சூலியா, சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. பள்ளியும் ரயிலும் அருகில், ஆனால் ஹலால் உணவுக்குத் தேட வேண்டியிருக்கும்.

கம்போங் கிளாம்: சுல்தான் பள்ளியும் ஹலால் உணவும் நடை தூரத்தில். ஆனால் பூகிஸ் நிலையத்தில் ஏறி ஒரு முறை ரயில் மாற வேண்டும்.

வெள்ளிக்கிழமையைப் பூங்காவுக்கு ஒதுக்காமல், சூலியா பள்ளியிலோ அப்துல் கஃபூர் பள்ளியிலோ ஜும்ஆ தொழுதால் குத்பாவைத் தமிழிலேயே கேட்கலாம்.

யாருக்கு எது பொருந்தும்?

கைக்குழந்தையோ, முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ இருந்தால், அல்லது அஸரை அதன் நேரத்தில் அமைதியாகத் தொழ அறை வேண்டும் என்றால், வளாகத்தில் ஓர் இரவு மட்டும் எடுங்கள். பயணம் முழுவதும் வேண்டாம். காலையிலேயே போய்ப் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குள் நுழையலாம். பல விடுதிகளில் மதியம் 3 மணிக்கு அறை கிடைக்கும். லுஹரைப் பூங்காவிலேயே தொழுதுவிட்டு, 3 மணிக்கு வந்து ஓய்வெடுத்து, அஸர் முடித்து மீண்டும் போகலாம்.

பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டி, எல்லோரும் காலை முதல் மாலை வரை நடக்கக் கூடியவர்கள் என்றால் வளாக அறை வெறும் தூங்கும் இடமாகத்தான் இருக்கும். அதற்கு அவ்வளவு பணம் கொடுப்பது வீண்விரயம். மிச்சமாகும் தொகையில் இன்னொரு நாள் பயணத்தையே நீட்டிக்கலாம்.

சிங்கப்பூரில் உறவினர் வீடு இருந்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. உறவையும் பேணியதாகும். ஆனால் அவர்கள் வேலை நாட்களையும் வீட்டின் அளவையும் மனதில் வைத்துச் செல்லுங்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு?
2. ஓர் அறையில் எத்தனை பேர்? கூடுதல் படுக்கைக்குக் கட்டணம் உண்டா?
3. பூங்கா வாசலுக்கு அல்லது ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை?
4. காலை உணவுக்கூடத்துக்கு முயிஸ் சான்றிதழ் உண்டா?
5. அறைக் குளிர்பதனப் பெட்டியில் மது வைத்திருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுவார்களா?
6. பயணத் தேதி மாறினால் பணம் திரும்புமா?

தேதியைப் பொறுத்தும் வாடகை மாறும். சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் விடுமுறை. அப்போது பூங்காவிலும் விடுதிகளிலும் கூட்டம் இருக்கும். நம் கோடை விடுமுறையில் மே நடுப்பகுதிக்குள் போய் வந்தால், வார நாட்களில் வரிசை குறைவாக இருக்கும். பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். மின்னல் இருந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். வெளியே உள்ள சவாரிகளைக் காலையிலேயே முடித்துக்கொண்டால் தொழுகைக்கும் ஓய்வுக்கும் பிற்பகல் கிடைக்கும்.

குடும்பத்தில் யாரால் எவ்வளவு நடக்க முடியும், எந்த நேரத்தில் எங்கே தொழுவோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எங்கே தங்குவது என்ற கேள்விக்கு இன்ஷா அல்லாஹ் அதிலேயே விடை கிடைத்துவிடும்.