சியாங் மாய்: வழிப்போக்கர் வளர்த்த நகரம்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் அரண்மனையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், வழிப்போக்கன் உறங்கும் படுக்கையையும் பருகும் பானத்தையும் கொண்டே ஒரு நகரின் வரலாற்றை அறிதல் கூடும். வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

முதுகிலே ஒரு பையைச் சுமந்து, குறைந்த செலவில் நாடு காணப் புறப்படும் இளைஞர்கள் உலகின் பல திசைகளிலிருந்தும் இந்நகரை நாடி வருகின்றனர். அகழி சூழ்ந்த பழைய நகரின் சந்துகளில், ஓரறையில் பலர் படுத்துறங்கும் மலிவான விடுதிகளும் சிறு காப்பிக் கடைகளும் மலிந்துள்ளன. பரபரப்பற்ற இவ்வாழ்வைக் காண்போர், இந்நகர் என்றும் இவ்வாறே அமைதியாய் இருந்தது போலும் எனக் கருதுதல் இயல்பே. உண்மை அதுவன்று.

1296ஆம் ஆண்டில் மன்னர் மங்ராய் இந்நகரை நிறுவினார். ‘புதிய நகரம்’ என்பதே இதன் பெயரின் பொருள். 1558இல் பர்மியர் இதனைக் கைப்பற்றி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தம் ஆட்சிக்கு உட்படுத்தினர். 1775இல் பர்மியர் விரட்டப்பட்டனர். ஆயினும், தொடர்ந்த போரினால் நலிந்த நகரம் விரைவில் குடிகளற்றுப் பாழாயிற்று. மதில் இருந்தது; கோயில் இருந்தது; மக்கள் இல்லை!

1796இல் காவிலா என்னும் தலைவர் நகரை மீண்டும் நிறுவினார். வடக்கே சான் நாட்டிலிருந்தும், இன்று சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் உள்ள சிப்சோங் பன்னாவிலிருந்தும் மக்கள் கொணர்ந்து குடியேற்றப்பட்டனர். கீரையைப் பறித்துக் கூடையில் இடுவதுபோல் மனிதரைப் பிடித்து நகரில் இட்ட காலம் என்று அம்மக்களின் வழக்குமொழி அதனைக் குறிக்கின்றது. அவர்களுள் பலர் விரும்பி வந்தவர் அல்லர். இன்று பயணிகள் கூடி மகிழும் வுவா லாய்த் தெருவின் வெள்ளி வேலை, அவ்வாறு சல்வீன் ஆற்றுப் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்ட கம்மியர் உடன் கொணர்ந்த கலையாகும்.

விரும்பி வந்தோரும் உளர். யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி மலை கடந்து வந்த இசுலாமிய வணிகர்களுள் சிலர் இங்கேயே தங்கினர். அவர்தம் வழிவந்தோரின் பள்ளிவாசல் இரவுச் சந்தைக்கு அருகில் இன்றும் விளங்குகின்றது. பாங்காக்கிலிருந்து பிங் ஆற்றின்வழிப் படகில் வாரக்கணக்கில் வரவேண்டியிருந்த நிலையை, 1920களின் தொடக்கத்தில் வந்தெய்திய இருப்புப்பாதை மாற்றிற்று. அதற்கென மலையைக் குடைந்து அமைத்த குன் தான் சுரங்கப்பாதையின் நீளம் 1,352 மீட்டர்.

வழிப்போக்கரைப் பேணுதல் இம்மண்ணின் பழைய பண்பு. வீட்டு வாயிலில் மண்குடத்தில் நீர் நிரப்பி, வழிநடப்போர் பருக வைப்பது வட தாய்லாந்து மக்களின் மரபு. நம் தண்ணீர்ப்பந்தலை இஃது நினைவூட்டவில்லையா? பாதையோரத்தில் இளைப்பாறும் மண்டபத்தை அவர்கள் ‘சாலா’ என்பர். பாடசாலை, அறச்சாலை என நாம் வழங்கும் சொல்லும் அதுவும் ஒரே வடமொழி வேரிற் பிறந்தவை.

இளைஞர் விடுதி என்னும் இக்கால ஏற்பாட்டின் தோற்றத்தில் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு. 1909இல் செருமானியப் பள்ளியாசிரியர் ரிச்சர்ட் சிர்மான், மாணவரோடு நடைப்பயணம் சென்றபோது புயலில் அகப்பட்டு, ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். எளியோர் பிள்ளைகளும் நாடு காண மலிவான தங்குமிடம் வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவருள் எழுந்தது. 1970களில் ஆசியாவின் குறுக்கே சிக்கனமாய்ப் பயணம் செய்த மேனாட்டு இளைஞர்களுக்குப் பினாங்கின் சூலியா தெருவும் சியாங் மாயும் தங்குமிடங்களாயின.

காப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. வடமலைகளில் முன்னர்ப் பரவலாக விளைந்தது அபின் கசகசா. 1959இல் அரசு அபினைத் தடை செய்தது. தடை மட்டும் வயிற்றை நிரப்புமா? 1969இல் மன்னர் பூமிபோல் தொடங்கிய அரச திட்டம், அராபிகா காப்பியையும் பழங்களையும் காய்கறிகளையும் மாற்றுப் பயிர்களாக மலைவாழ் மக்களிடையே பரப்பியது. இன்று நகரின் கடைகளில் மணக்கும் காப்பியில் அம்மக்களின் உழைப்பு கலந்துள்ளது. ஆயினும், அவர்களுள் குடியுரிமை பெறாதோர் இன்றும் உளர் என்பது வருந்தத்தக்கது. கடல் கடந்து வரும் பயணிக்கு எளிதாய்த் திறக்கும் நகரம், தன் மலையிற் பிறந்தவனைக் காத்திருக்க வைக்கின்றது.

ஆதலின், அங்கே செல்லும் நம் மாணவர் விடுதியின் மலிவையும் காப்பியின் சுவையையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்புதல் போதாது. அந்தப் படுக்கைக்கும் கோப்பைக்கும் பின்னால், பிடித்து வரப்பட்டோர், நடந்து வந்தோர், மலையில் உழைப்போர் எனப் பலர் நிற்கின்றனர். அவர்களையும் கண்டு வருவதே வரலாற்றுக் கல்வியாகும்.